கொசுப்புழுவைக் கொல்லும் இலைச்சாறு: செய்தியில் விடுபடும் விவரங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூலிகைச் சாறு கொசுப்புழுக்களைக் கொல்கிறது, பூஞ்சையை அழிக்கிறது என்று வரும் ஆய்வுச் செய்திகளை ஆவலோடு படிப்பவன் நான். அதே சோதனைகளை மாணவர்களோடு பல ஆண்டுகளாகச் செய்தும் வருகிறேன். எந்த அளவுச் சாற்றில் எத்தனை புழுக்கள் இறந்தன, சாறு சேர்க்காத குவளையில் என்ன நடந்தது என்ற இரண்டும் அச்செய்திகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, மூன்றாம் அல்லது நான்காம் பருவப் புழுக்கள் (தோலுரித்து வளரும் படிநிலைகளில் மூன்றாவது, நான்காவது) 25-ஐ 100 மி.லி. நீரில் விட்டு, ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது நான்கு குவளைகள் வைத்து, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். அசையாமல் கிடப்பதெல்லாம் செத்ததாகிவிடாது. மூச்சுக்குழலில் ஊசி முனையால் தொட்டதும் துள்ளி ஓடும் புழுக்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

ஒருமுறை நொச்சி இலைச்சாற்றில் எல்லாப் புழுக்களும் இறந்ததைக் கண்டு மாணவர்கள் மகிழ்ந்து நின்றபோது, சாறே இல்லாமல், அதைக் கரைக்கப் பயன்படுத்திய எத்தனால் (சாராயம்) மட்டும் சேர்த்த குவளைகளிலும் மூன்றில் ஒரு பங்குப் புழுக்கள் இறந்து கிடந்தன. இந்த ஒப்பீட்டுக் குவளைகளில் இறப்பு 5 முதல் 20 சதவீதம் வரை இருந்தால் ஆபட் என்ற பூச்சியியலாளர் 1925-இல் தந்த சூத்திரத்தால் திருத்திக்கொள்ளலாம். சாற்றில் 55, ஒப்பீட்டில் 10 என்றால் உண்மையான இறப்பு 50 சதவீதமே. ஒப்பீட்டில் இறப்பு 20 சதவீதத்துக்கு மேல் போனால் சோதனையையே கைவிட வேண்டும் என்பதால், நாங்களும் மனமின்றிக் கைவிட்டோம்.

வேம்பின் நிலை வேறு. அதிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரிப்பதைக் குலைக்கிறதே தவிர உடனே கொல்வதில்லை என்பதால், எத்தனை கொசுக்கள் வெளிவந்தன என்று கடைசிவரை எண்ணாமல் அதன் வலிமையை அறிய முடியாது.

பூஞ்சைச் சோதனையில், தட்டில் சாற்றைச் சுற்றிப் பூஞ்சை வளராமல் தெரியும் வெற்று வட்டத்தின் மில்லிமீட்டர் அளவை வைத்தே ஒரு செடியைவிட மற்றொன்று சிறந்தது என்கிறார்கள். எண்ணெய்ப்பசையுள்ள பொருள்கள் தட்டிலுள்ள அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்) சரியாகப் பரவுவதில்லையாதலால், வட்டம் சிறியதாக இருந்தாலும் சாறு வலியதாக இருக்கக்கூடும். வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டறிந்து, பூஞ்சையைப் புதிய ஊடகத்துக்கு மாற்றி, அது மடிந்ததா அல்லது அடங்கியிருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

செய்தியை நம்பி யாரேனும் இலையை அரைத்துத் தேங்கிய நீரில் ஊற்றினால், வீரியம் போனபின் மிஞ்சும் இலைத்துகள் புழுக்களுக்கே உணவாகலாம். இலை தழை ஊறி அழுகிய நீரைத் தேடி வந்து க்யூலெக்ஸ் கொசு முட்டையிடுகிறது. ஆகவே, இத்தகைய ஆய்வுகளை வெளியிடும்போது, பாதிப் புழுக்களைக் கொன்ற அளவு, ஒப்பீட்டுக் குவளையின் கணக்கு, அதே அளவில் மீன்களுக்கும் தும்பியின் இளம்பூச்சிகளுக்கும் நேர்ந்தது ஆகிய மூன்றையும் ஆய்வாளரிடம் கேட்டுச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்