ஸ்குவாட் செய்வோரின் காலணி: குதிகால் உயரத்தைப் பெட்டியில் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்பு பெரிய நகரங்களில் மட்டுமே இருந்த உடற்பயிற்சிக்கூடங்கள் இப்போது பேரூராட்சிகளிலும் திறக்கப்படுகின்றன. பார்பெல்லை (இரு முனையிலும் எடைத் தட்டுகள் மாட்டிய கம்பியை) தோளில் தாங்கிக் குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்யும் இளைஞர்களும் பெண்களும் பெருகியிருப்பது, பளுதூக்குதல் பயிற்சி அளித்துவரும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. ஆனால் புரதப் பொடியைப் பற்றியும் உணவு முறையைப் பற்றியும் பத்திரிகைகளில் இவ்வளவு எழுதப்படும்போது, பளுவைச் சுமக்கிறவர் காலில் எதை அணிய வேண்டும் என்பது பற்றி ஏறக்குறைய எதுவுமே எழுதப்படுவதில்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நீக்கவும், காலணி விற்பவர்களிடமும் அரசிடமும் சில கோரிக்கைகளை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பயிற்சிக்குப் புதிதாக வருகிறவர்களும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் கேட்பது, எந்த நிறுவனத்தின் ஷூவை வாங்கலாம் என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. காலணியின் அடிப்பாகம் பளுவின் கீழ் அமுங்குமா, என் கணுக்கால் எவ்வளவு தூரம் முன்னோக்கி மடங்கும், நான் எந்த முறையில் ஸ்குவாட் செய்கிறேன் என்பவற்றுக்கு விடை தெரிந்துகொண்டால், நிறுவனத்தின் பெயர் தானாகவே இரண்டாம்பட்சமாகிவிடும்.

இன்று பெரும்பாலோர் ஸ்குவாட் செய்வது ஓட்டப்பயிற்சிக்கான ஷூவில்தான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து எழும் அதிர்வைத் தாங்குவதற்காக அதன் அடியில் தடித்த நுரை வைக்கப்பட்டிருக்கிறது; ஓடுகிறவருக்கு அது நல்லது. அதே நுரை, 80 கிலோவோ 100 கிலோவோ தோளில் ஏறியதும் நசுங்கத் தொடங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே சீராக நசுங்கினாலும் பரவாயில்லை; எந்தப் பக்கம் எடை சாய்கிறதோ அந்தப் பக்கம் கூடுதலாக நசுங்குகிறது. பாதம் உட்புறம் சரிய, அதைத் தொடர்ந்து முழங்காலும் உட்புறம் சரிகிறது. எழும்போது கால்கள் தரையை உந்தும் விசையில் ஒரு பகுதியும் நுரையை அழுத்துவதிலேயே வீணாகிறது. மெத்தையின் மேல் நின்றுகொண்டு நெல் மூட்டையைத் தோளில் ஏற்ற எவரும் முன்வர மாட்டார்கள், ஆனால் உடற்பயிற்சிக்கூடத்தில் நாம் நாள்தோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். ஆகவே, குதிகால் உயரம் பற்றிய பேச்சுக்கு முன்பாகவே, ஸ்குவாட்டுக்கு அமுங்காத அடிப்பாகம் வேண்டும் என்பதை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் பி.டி. வகுப்புக்கு அணியும், தட்டையான ரப்பர் அடி கொண்ட வெள்ளை கேன்வாஸ் ஷூ, விலை கூடிய ஓட்டப்பயிற்சி ஷூவைவிட இந்த வேலைக்கு எவ்வளவோ மேலானது.

பளுதூக்கும் ஷூ என்று தனியாக விற்கப்படுவதில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. அடிப்பாகம் மரத்தாலோ கெட்டியான பிளாஸ்டிக்காலோ ஆனது என்பதால் அமுங்காது. முன்பாதத்தைவிடக் குதிகால் உயர்ந்திருக்கும். இந்த உயர வேறுபாடு பெரும்பாலான மாதிரிகளில் 15 முதல் 22 மில்லிமீட்டர் வரை இருக்கும், 20 மில்லிமீட்டரைச் சுற்றியவையே அதிகம். பாதத்தின் நடுப்பகுதியை இறுக்கிப் பிடிக்க லேஸுடன் ஒரு வாரோ இரண்டு வார்களோ சேர்க்கப்பட்டிருக்கும்.

20 மில்லிமீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடைப்பட்ட தூரத்தோடு வைத்துக் கணக்கிட்டால் அது பாதத்தை ஏறத்தாழ 5 முதல் 6 டிகிரி சாய்க்கிறது. கணுக்கால் மடங்க வேண்டிய அளவில் அவ்வளவு குறைகிறது என்று கொள்ளலாம். அதன் பயனாக முழங்கால் இன்னும் சற்று முன்னே செல்ல முடிகிறது. முழங்கால் முன்னே சென்றால் இடுப்பு அவ்வளவாகப் பின்னே போக வேண்டியதில்லை. இடுப்பு பின்னே போகாவிட்டால், பளுவைப் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே வைத்திருப்பதற்காக மார்பை முன்னே கவிழ்க்க வேண்டிய தேவையும் குறைகிறது. கணுக்கால் இறுகியவர்கள் ஆழமாக இறங்கும்போது கீழ்முதுகு உட்புறமாகச் சுருண்டு வளைவதையும், குதிகால் தரையைவிட்டு எழுவதையும் பயிற்சியாளர்கள் அடிக்கடி காண்கிறார்கள். உயர்ந்த குதிகால் இவ்விரண்டையும் ஓரளவு தடுக்கிறது.

இந்தக் காலணி விளையாட்டின் தேவையிலிருந்து பிறந்தது. பளுதூக்குதலில் ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் வைத்துப் பளுவுக்குக் கீழே புகும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பிறகு முழுமையாகக் குந்தி உட்கார்ந்து பளுவை ஏந்தும் முறை வென்றது. அவ்வாறு குந்தும்போது முதுகை நிமிர்த்தி வைத்திருந்தால்தான் தலைக்கு மேல் உள்ள பளு நிற்கும் என்பதால், உயர்ந்த குதிகால் இன்றியமையாததாயிற்று. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப்பிரிவில் ஸ்நாட்ச்சில் (பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோள்வரை தூக்கி, பிறகு தலைக்கு மேல் உயர்த்துவது) 179 என மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்டிலும் மீண்டும் தங்கம் வென்றார். அந்த அளவு எடையோடு குந்தி எழும் உடலுக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அந்தக் காலணியின் அடிப்பாகம் ஒன்றுதான்.

நம் பழைய பயிற்சிக்கூடங்களில் தண்டாலோடு சேர்த்துச் செய்த பஸ்கியை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். பஸ்கியில் கீழே இறங்கும்போது குதிகால் தானாக மேலெழும், முழங்கால் முன்னே செல்லும், முதுகு நிமிர்ந்தே இருக்கும். உடலின் எடையை மட்டும் தாங்கும்போது அது பிழையல்ல. தோளில் பார்பெல் இருக்கும்போது முன்பாதத்தில் மட்டும் நின்றால் நிலை தடுமாறும். பஸ்கியில் அந்தரத்தில் எழும் அதே குதிகாலுக்குக் கீழே உறுதியான அடித்தளத்தைத் தருவதே பளுதூக்கும் ஷூ செய்யும் வேலை என்று என் மாணவர்களுக்கு விளக்குகிறேன், உடனே புரிந்துகொள்கிறார்கள்.

இது எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. முதலில் கணுக்காலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, கட்டைவிரலின் நுனி சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்குமாறு பாதத்தை வைத்து, குதிகாலை எழுப்பாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். எளிதாகத் தொட முடிந்தால் கணுக்கால் உங்களுக்குத் தடையாக இல்லை. தட்டையான காலணியே போதுமானதாக இருக்கலாம். முடியாதபோது, தடுப்பது எது என்று கவனியுங்கள். கெண்டைக்கால் பின்னால் இழுத்துப் பிடித்தால், நாள்தோறும் தசையை நீட்டிப் பயிற்சி செய்வதால் சில மாதங்களில் முன்னேற்றம் காணலாம். கணுக்காலின் முன்புறத்தில் எலும்போடு எலும்பு முட்டுவதுபோல் இருந்தால், நீட்டும் பயிற்சியால் பெரிய மாற்றம் வராது. அத்தகையவருக்கு உயர்ந்த குதிகால் உண்மையான உதவி. பழைய காயத்தால் கணுக்கால் இறுகிப்போனவர்கள் எலும்பு மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டிய பிறகு முடிவெடுப்பது நல்லது.

சிறுவயதிலிருந்தே தரையில் குந்தி உட்கார்ந்து பழகிய நம்மவர்களில் பலருக்கு, நாற்காலியிலேயே வளர்ந்தவர்களைவிடக் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்பது என் அனுபவம். ஆனால் கணுக்கால் நன்றாக இருந்தும், உடலின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடத் தொடை எலும்பு நீண்டவர்கள் ஸ்குவாட்டில் அதிகமாக முன்னே சாய்வார்கள். அவர்களுடைய எலும்பின் நீளத்தை எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. குதிகாலை உயர்த்தினால் அவர்களுக்கும் நிமிர்ந்து இறங்குவது எளிதாகிறது. உயரமானவர்கள் தங்கள் சாய்வுக்காகப் பயிற்சியாளரிடம் தொடர்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஸ்குவாட் செய்யும் முறையும் தேர்வைத் தீர்மானிக்கிறது. பார்பெல்லைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே தோள்களின் மேல் வைக்கும் ஹை பார் முறையிலும், மார்புக்கு முன்னே தாங்கும் முன்பக்க ஸ்குவாட்டிலும் உடல் நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதால், உயர்ந்த குதிகாலின் பயன் தெளிவாகத் தெரியும். பவர்லிஃப்டிங் (ஸ்குவாட் உள்ளிட்ட மூன்று தூக்குதல்களில் நடக்கும் தனிப் போட்டி) வீரர்கள் பலர் பின்பற்றும் லோ பார் முறையில் பளு முதுகில் இன்னும் கீழே அமர்கிறது. இடுப்பு பின்னே போகிறது, முழங்காலுக்குக் கீழுள்ள கால் பெரும்பாலும் செங்குத்தாகவே நிற்கிறது. இங்கே கணுக்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. ஆகவே அவர்களில் பலர் தட்டையான காலணியையே விரும்புகிறார்கள். தரையில் கிடக்கும் பளுவை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் டெட்லிஃப்டுக்கோ உயர்ந்த குதிகால் பொருந்தவே பொருந்தாது: அது உடலை முன்னே தள்ளுகிறது, பளுவைத் தூக்க வேண்டிய தூரத்தையும் கூட்டுகிறது. ஒரே ஷூவை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. முழங்கால் முன்னே செல்லும்போது முழங்கால் மூட்டும் முன்தொடைத் தசையும் ஏற்கும் சுமை கூடுகிறது. அதற்கு ஈடாக இடுப்பின் சுமை குறைகிறது. முழங்கால் சில்லில் ஏற்கெனவே வலி உள்ளவர் புதிய ஷூவை அணிந்த அன்றே பழைய எடையைத் தூக்கக் கூடாது. எடையைக் குறைத்துத் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே முறை.

பணத்தைச் செலவிடும் முன் செய்து பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. இரண்டு குதிகால்களுக்கும் அடியில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள அகலமான பலகையை வைத்து, வெறும் 20 கிலோ பாரோடு, அல்லது பெண்களுக்கான 15 கிலோ பாரோடு, மெதுவாக இறங்கிப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு நண்பர் கைப்பேசியில் படமெடுக்கட்டும். இறங்கும் ஆழமும் முதுகின் நிமிர்வும் கண்ணுக்குத் தெரியும்படி மாறினால் அந்த ஷூ உங்களுக்கு உதவும். மாறாவிட்டால் அந்தப் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். உடற்பயிற்சிக்கூடங்களில் சிலர் சிறிய எடைத் தட்டுகளைக் குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொண்டு பெரிய எடையைத் தூக்குவதைப் பார்க்கிறேன். தட்டு நகர்ந்தால் பாதமும் நகரும் என்பதால் இதை உடனே நிறுத்த வேண்டும்.

கடையில் வாங்கும்போது குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது பளுதூக்கும் ஷூ அல்ல. உள்ளே குதிகால் மேலே எழாமலும் பாதம் பக்கவாட்டில் நகராமலும் பொருந்த வேண்டும். விரல்கள் நசுங்கவும் கூடாது. வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் ஆகட்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் வழக்கத்தை இதில் மட்டுமாவது கைவிட வேண்டும். போட்டியில் கலந்துகொள்ள விரும்புகிறவர்கள் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: சர்வதேசப் பளுதூக்குதல் விதிகளின்படி, அடிப்பாகம் ஷூவின் மேற்பாகத்தைவிட எந்த இடத்திலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீண்டிருக்கக் கூடாது.

இனி என் கோரிக்கைகள். பளுதூக்கும் ஷூ விற்கும் நிறுவனங்களில் சில குதிகாலின் மொத்த உயரத்தைக் குறிப்பிடுகின்றன, சில முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பிடுகின்றன. எதையுமே குறிப்பிடாதவை ஏராளம். மொத்த உயரம் எதையும் தெரிவிக்காது; வாங்குகிறவருக்கு வேண்டியது வேறுபாடுதான். அந்த அளவை மில்லிமீட்டரிலும், அடிப்பாகம் எதனால் ஆனது என்பதையும் பெட்டியின் மேலும் இணையத்தில் விற்கும் இடங்களிலும் தமிழில் அச்சிட வேண்டும். நுரை அடி கொண்ட ஷூவை ஜிம் ஷூ என்ற பெயரில் விற்பதைக் கடைக்காரர்கள் கைவிட வேண்டும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் பளுதூக்குதல் பயிற்சி மையங்களில், பார்பெல்லும் தட்டுகளும் இருப்பதுபோல, பல அளவுகளில் பளுதூக்கும் ஷூக்களையும் பொது உடைமையாக வைத்திருக்க வேண்டும். குறிப்பாக, குறைந்த எடைப்பிரிவுகளில் பயிற்சி பெறும் சிறுமிகளின் கால்களுக்கு ஏற்ற சிறிய அளவுகள் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கால் வளரும் வயதில் ஆண்டுக்கு ஒரு முறை புதிதாக வாங்கித் தரக் கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரால் இயலாது. ஒரு மாணவிக்குச் சிறிதாகிவிட்ட ஷூவை அடுத்துச் சேரும் மாணவி அணியும்படி மையத்திலேயே முறைப்படுத்தினால் செலவும் அதிகமாகாது. வரும் நிதியாண்டிற்கான உபகரணப் பட்டியலைத் தயாரிக்கும்போது இதையும் சேர்க்குமாறு ஆணையத்தின் அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பளுதூக்குதல் பயிற்சியாளர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.