தாதி உதவியாளர் பயிற்சிக்குப் போகும் மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நேற்று நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தாதி உதவியாளர் என்றால் மலசலம் அள்ளுகிற வேலைதானே என்று கூட்டாளி சொன்னாளாம், உனக்கும் மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். அதுவும் உண்டு, பிள்ளை. ஆரம்பத்திலேயே வரும், பழகிவிடுவாய். ஆனால் அதோடு முடிகிற வேலை இல்லை. பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் அட்டென்டனாக இருந்தபோது கண்டதைச் சொல்கிறேன்.

டொக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். தாதிமாருக்கு, அதாவது மிஸ்ஸிமாருக்கு, மருந்து, ஊசி, எழுத்து வேலை என்று தலைக்கு மேல் கிடக்கும். நோயாளியின் முதுகையும் குதிக்காலையும் தினமும் பார்க்கப் போகிறவள் நீதான். உடம்பு துடைக்கும்போதுதான் எல்லாம் கண்ணில் படும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வால் எலும்பு, இடுப்பு, குதிக்கால் இவற்றை விடாமல் பார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது. எங்களைப் போல கறுத்தத் தோலில் சிவப்புத் தெரியாது, தொட்டுப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாகவோ இறுகியோ இருக்கும். அதைத் தேய்க்காதே, உடனே மிஸ்ஸியிடம் சொல்லு. 2 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வது இதற்காகத்தான். புண் ஆழமாகிவிட்டால் ஆற மாதக்கணக்காகும்.

நாடி, மூச்சு எண்ணப் பழக்குவார்கள். வளர்ந்தவர்களுக்குச் சும்மா இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. மூச்சை எண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் ஆள் மூச்சு விடுகிற விதமே மாறிவிடும். நாடி பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணு.

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போனவர்களுக்குச் சட்டை போடும்போது வழங்காத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். சாப்பாடு கொடுப்பது என்றால் நிமிர்த்தி இருத்தி, சின்னக் கரண்டியால், விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கிறதா என்று பார். முடிந்து அரை மணித்தியாலமாவது படுக்க விடாதே.

எங்கள் வார்டில் மூதூர் உம்மா ஒருவர் இருந்தார். முக்காடு விலகியிருந்தால் ஒரு வாய்கூட வாங்க மாட்டார். வாய் பேச வராது, தலையை மட்டும் திருப்பிக்கொள்வார். நான் முதலில் முக்காட்டைச் சரி செய்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவேன். ஒவ்வொருவருக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், மகள். கேட்டுத் தெரிந்துகொள். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப் போகிறாய் என்று சொல்லிவிட்டுத் தொடு. நினைவில்லாமல் கிடப்பவருக்கும் சொல்லு.

நீ பயிற்சிக்குப் போகிற கொழும்பில் சிங்களம் வேண்டும். நோகுதா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அளவுக்காவது இப்போதே பழகு.

ஊசியும் மருந்தும் மிஸ்ஸிமாரின் வேலை. அவர்கள் அதற்கென்று 3 வருடம் படித்தவர்கள். பழக்காத வேலையை யார் செய்யச் சொன்னாலும் "எனக்கு இது பழக்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லு, பயப்படாதே.

ஆளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. தனியாகத் தூக்கவும் வேண்டாம், இன்னொருத்தியைக் கூப்பிடு. நகத்தை ஒட்ட வெட்டு, மோதிரத்தைக் கழற்றி வை. சப்பாத்து முன்பக்கம் மூடினதாக, வழுக்காததாகப் பார்த்து வாங்கு. அப்பா காசு போடுவார்.

சரி, முதல் நாள் முடிந்ததும் இரவு எடு. நோயாளியைக் கட்டிலில் வைத்தபடியே விரிப்பு மாற்ற இப்போது எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா