கவுண்டி சிறைக் கைதிகளும் சாலைப் பணியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறைக் கைதிகளைச் சாலைப் பணியில் கட்டாயமாக ஈடுபடுத்தலாம், அதனால் அரசின் செலவு மிச்சமாகும் என்று வாதிட்டு, தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கட்டுரையாளர் கவுண்டி சிறையையும் மாநிலச் சிறையையும் ஒன்றாகவே பாவித்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் தண்டனை பெற்றவர்கள் பெரும்பாலும் மாநிலச் சிறைக்குப் போய்விடுகிறார்கள். கவுண்டி சிறையில் இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலர் ஜாமீன் தொகையைக் கட்ட வழியில்லாத ஒரே காரணத்தால் உள்ளே கிடப்பவர்கள். அடிமைமுறையையும் கட்டாய உழைப்பையும் ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், முறைப்படி குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவருக்கு விதிக்கப்படும் தண்டனைக்கு மட்டுமே விலக்கு அளித்தது. தீர்ப்பே வராதவர் கையில் மண்வெட்டியைத் திணித்துச் சாலைக்கு அனுப்ப அந்த விலக்கில் இடமில்லை. ஆகவே கட்டுரையாளர் கணக்கில் வைத்திருக்கும் ஆட்களில் பெரும்பகுதியினர் முதலிலேயே கழிந்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு புதியதும் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டன. ஜார்ஜியா 1908இல் அந்தக் குத்தகையை ஒழித்ததும், அதே கைதிகள் கவுண்டிச் சாலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். கோடு போட்ட உடை, காலில் சங்கிலி, இரவில் படுக்கச் சக்கரம் பொருத்திய இரும்புக் கூண்டு. சாலை நகர நகரக் கூண்டும் நகர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலையின்றித் திரிவதையே குற்றமாக்கிய சட்டங்கள் ஆள் பிடிக்கும் கருவிகளாகப் பயன்பட்டன. கூலியில்லாத ஆள் தேவைப்படும் நிர்வாகத்திடமே ஆளைச் சிறைப்பிடிக்கும் அதிகாரமும் இருந்தால் வேறென்ன நடக்கும்?

அதெல்லாம் பழங்கதை என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். ஆனால் 1995இல் அலபாமா மாநிலம் சங்கிலிக் கும்பல்களை, அதாவது சங்கிலியால் பிணைத்து வேலை வாங்கப்படும் கைதிக் குழுக்களை, மீண்டும் சாலையோரத்துக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றில் வேலை செய்த லாரி ஹோப் என்பவர் வேலையிடத்தில் காவலருடன் ஏற்பட்ட கைகலப்புக்காகச் சட்டை கழற்றப்பட்டு, வெயிலில் ஒரு கம்பத்தில் கைவிலங்குடன் ஏறத்தாழ ஏழு மணி நேரம் பூட்டப்பட்டார். கழிப்பறைக்குப் போகக்கூட அனுமதி இல்லை. அது அரசியலமைப்புக்கு முரணான கொடுந்தண்டனை என்று உச்ச நீதிமன்றம் கூறியது 2002இல். இத்தனைக்கும் வழக்குத் தொடரப்பட்டதால் சங்கிலிக் கும்பல் திட்டத்தை அலபாமா 1996லேயே கைவிட்டிருந்தது.

செலவு மிச்சம் என்ற வாதத்தையும் பார்ப்போம். ஓடும் வாகனங்களுக்குப் பக்கத்தில் நின்று, கொதிக்கும் தாரோடு செய்யும் வேலை பழக்கமில்லாதவருக்கு ஆபத்தானது. பயிற்சி, ஒளிரும் மேலங்கி, கொடி காட்ட ஆள், இவற்றோடு ஆயுதம் தாங்கிய காவலர் என்று எல்லாவற்றுக்கும் கவுண்டி பணம் கொடுத்தாக வேண்டும். அதே சாலையில் கூலிக்கு வேலை செய்து குடும்பம் நடத்துபவரின் பிழைப்பு போவதைக் கட்டுரை பேசவே இல்லை.

கைதிகள் வேலை செய்வதை நான் எதிர்க்கவில்லை. நாளெல்லாம் அறைக்குள் அடைந்து கிடப்பதைவிட வெளியே வேலைக்குப் போவதைப் பலர் விரும்புவார்கள். போனால் தண்டனை நாட்களைக் குறைக்கும் வழக்கமும் பல கவுண்டிகளில் உண்டு. ஆனால் போகிறவர் தண்டனைக் கைதியாகவும் மனமுவந்து வருபவராகவும் இருக்க வேண்டும். மறுப்பவருக்கு எந்தத் தண்டனையும் கூடாது. வெளியாளுக்குத் தரும் அதே கூலியும், காயம்பட்டால் இழப்பீடும் தரப்பட வேண்டும். இவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், தாம் சொல்லும் சேமிப்பில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர்,
மதுரை.