'புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க' என்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சாவி கொடுக்கிற பழைய வாட்சைக் கவுண்டரில் வைக்கும்போதே, "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கிக் குடுத்துருங்க" என்கிறீர்கள். ஓட வைப்பது வேறு, புதுசாக்குவது வேறு. புதுசாக்கினால் விலை இறங்கிவிடும்.

போன மாதம் உசிலம்பட்டிக்காரர் ஒருவர் ஹெச்.எம்.டி. கம்பெனியின் பைலட் மாடல் வாட்ச் ஒன்று கொண்டு வந்தார். ஆன்லைனில் நல்ல விலைக்கு வாங்கியது. பளிச்சென்று ஆரஞ்சு டயல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தோரம் மை கசிந்திருந்தது, நிமிடக் கோடுகள் சில வட்டத்தைத் தொடவே இல்லை. மெஷின் அசல்தான், டயல்தான் பிறகு யாரோ பெயின்ட் அடித்தது. ஆனால் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது டயலைத்தானே! பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

ஹெச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. ஹெச்.எம்.டி. வாட்சஸை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது அந்தப் பழைய மாடல்களுக்கு அசல் டயல் வேண்டுமென்றால் யாராவது பத்திரப்படுத்திய ஸ்டாக்கில் தேட வேண்டும், இல்லை இன்னொரு வாட்சைப் பிரிக்க வேண்டும்.

கண்ணாடி, மெயின் ஸ்பிரிங், ரப்பர் வளையம், ஸ்ட்ராப் எல்லாம் தேய்கிற சாமான். தாராளமாக மாற்றலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். டயல், முள், கேஸ் (வெளிக்கூடு) மூன்றிலும் கை வைக்க யோசியுங்கள். கேஸைப் பாலிஷ் போட்டால்கூட விளிம்பு மழுங்கிவிடும்.

டயலில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஸ்விஸ் வாட்சுக்கு ஒரு சின்னச் சோதனை உண்டு. டயலின் கீழ் விளிம்பில், ஆறு மணிப் பக்கம், 'ஸ்விஸ்' என்பதன் இருபுறமும் 'டி' (T) எழுத்து இருந்தால் அதில் டிரிட்டியம், அதாவது இருட்டில் ஒளிர வைக்கிற கதிரியக்கப் பொருள், பூசியிருக்கிறது என்று அர்த்தம். சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். 1970-களின் வாட்ச் இன்றைக்கும் இருட்டில் ஜொலித்தால், பிறகு யாரோ பூசியதுதான்.

எங்கள் கடையும் தப்பு செய்திருக்கிறது. பல வருடத்துக்கு முன் ஃபேவர் லூபா என்கிற ஸ்விஸ் கம்பெனி வாட்ச் ஒன்றின் மங்கிய டயலுக்கு மறுபெயின்ட் அடித்து வாங்கிக் கொடுத்தோம். பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுத்தான் அதை அடிப்பார்கள். "அப்பா பார்த்த டயல் எங்கே?" என்று மகன் வந்து கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை.

அதனால் இனி உங்களைக் கேட்காமல் டயலையும் முள்ளையும் தொட மாட்டோம். மாற்றியது எது என்று பில்லில் எழுதி, கழற்றியதைக் கவரில் போட்டுத் தருவோம். அப்புறம், முன்பு எங்கேயோ கழற்றிய அசல் டயல் வீட்டு அலமாரியில் கிடந்தால் எடுத்து வாருங்கள். டயலை மெஷினில் பொருத்துகிற பின்பக்கக் கால் உடையாமல் இருந்தால் மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாட்ச் ரிப்பேர் கடை,
டவுன் ஹால் ரோடு, மதுரை