எக்ஸ்ரே அறையில் இருந்த அண்ணனுக்கு

அப்பாவுக்கு நாலு மாதமாக வலது தொடையில் வலி. மூட்டுத் தேய்மானம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். அன்று படம் எடுத்ததும் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கினோம். நீங்கள் பின்னாலேயே ஓடி வந்து, “ஐயா, அந்தக் காலை ஊன்றாதீங்க” என்றீர்கள். காரணம் சொல்லவில்லை. நீங்களே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, அவரைத் தாங்கி உட்கார வைத்து, எலும்பு டாக்டர் அறை வரை தள்ளிப்போய், படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினீர்கள். உங்கள் மேசையில் டிபன் பாக்ஸ் திறந்தபடியே இருந்தது.

பயாப்சியில் தெரிந்தது, எலும்பிலேயே தொடங்கும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். லிம்போமாக்களில் நூற்றுக்கு இரண்டுகூட இருக்காதாம். தொடை எலும்பை உள்ளுக்குள் அரித்திருந்தது, இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் முறிந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஆர்-சாப் என்ற மருந்துக் கூட்டில் கீமோ, 21 நாளுக்கு ஒன்றாக 6 முறை முடிந்தது. அப்பா இப்போது கைத்தடியோடு தெருமுனை வரை போய்ப் பால் வாங்கி வருகிறார்.

அண்ணா, அன்றைய பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ‘ஊன்றாதீங்கன்னு சொன்ன தம்பி’ என்றுதான் அப்பா உங்களைச் சொல்வார். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரை நடத்தியே கூட்டி வருகிறேன்.