மூன்று மாதம் நிற்க மட்டும்தான்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பாப்பாவுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், சரஸ்வதி அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். அம்மா கண் ஆபரேஷன் முடிந்து பேப்பர் படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதுவே பெரிய நிம்மதி.

இங்கே ஒரு சேதிதான். தாய் சி என்கிற சீனக் கலையைக் கற்கப் போகிறேன். உடம்பு இளைக்க இல்லை, சண்டைக்கலையாக, முறையாக, ஒருவரிடம் மாணவனாகச் சேர்ந்து.

போன வருடம் வீடியோ பார்த்து நானே ஆரம்பித்தது உனக்குத் தெரியும். 1956ல் சீன அரசு எல்லோருக்கும் எளிதாக இருக்கட்டும் என்று சுருக்கி அமைத்த 24 அசைவு வரிசை, முழுசாகச் செய்தாலும் ஆறு நிமிடம்தான், அதனால் தைரியமாக இறங்கினேன். வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் முட்டி போய்விட்டது. உடம்பின் எடை முழுவதும் வலது காலில் இருக்கும்போதே திரும்பியிருக்கிறேன். பாதம் தரையில் அழுந்திக் கிடக்க, திருகல் மொத்தமும் முட்டிக்குப் போயிருக்கிறது. இரண்டு மாதம் மாடிப்படியைக் கண்டாலே பயம்.

அப்புறம்தான் இங்கே பெங்களூர் லால்பாக் தோட்டத்தில் தாய் சி வாத்தியார் ஒருவரைப் பார்த்தேன். கெம்பேகவுடா கோபுரம் இருக்கும் பாறைக்குப் பக்கத்தில், ஐந்தாறு பேரோடு. கோலார் தங்கவயல் தமிழர், பேச்சு சுருக்கம். அது முன்னூறு கோடி வருடப் பாறை, பனிக்காலையில் கால் வைத்தால் சில்லென்று ஏறும். என் முன்கையோடு தன் முன்கையை ஒட்டி வைத்து, "தள்ளுங்க" என்றார். தள்ளினேன். அந்தக் கை எதிர்க்கவும் இல்லை, விலகவும் இல்லை, ஒட்டினபடியே இடுப்போடு சேர்ந்து மெல்லத் திரும்பியது, நான் சாய்ந்த பக்கத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஷூவுக்குள் என் விரல்கள் தரையைக் கவ்வப் பார்த்தன. அந்த நொடியில் இரண்டு விரலால் தோளைத் தொட்டார், மூன்றடி தள்ளிப் போய் நின்றேன். சேகர், பார்க்கில் பெரியவர்கள் காற்றைத் தடவுகிற மாதிரி செய்கிறார்களே, அதற்குள் இது இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்த நாள் அது.

சேர்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் முதல் மூன்று மாதம் வரிசை எதுவும் கிடையாது, நிற்பதும் நடப்பதும் மட்டும்தான். எனக்கு உடனே ஆற்று மணலும் நம் சிலம்ப வாத்தியாரும்தான் ஞாபகம் வந்தது. ஆறு மாதம் கம்பைத் தொட விட்டாரா? காலடி, காலடி, காலடி. நீ பொறுத்தாய், கற்றாய். நான் அப்பாவுக்கு மாற்றல் வந்ததைச் சாக்காக வைத்து விட்டுவிட்டேன், அது இன்றும் உறுத்துகிறது.

அதனால் அவரிடம் இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். பாதியில் விடுவதாக இருந்தால் சேரவே கூடாது. டாக்டரிடம் முட்டியைக் காட்டி, தொடைக்குப் பயிற்சி வாங்கிச் செய்கிறேன். பத்து மணிக்குப் படுக்கை, நாலே முக்காலுக்கு எழுந்தால்தான் அல்சூரிலிருந்து ஆறு மணிக்கு லால்பாக் போய்ச் சேர முடியும். தடித்த அடிப்பாகம் உள்ள ஓடுகிற ஷூவை ஒதுக்கிவிட்டு, மெல்லிய தட்டையான ஷூ வாங்கினேன், எடை குதிகாலில் இருக்கிறதா விரலில் இருக்கிறதா என்று அதில்தான் தெரிகிறது. சனிக்கிழமை காலை என்னை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது என்று சரஸ்வதியிடம் சொல்லியாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், சரி என்றாள்.

தினமும் மொட்டை மாடியில் நிற்கிறேன். பாதங்கள் தோளகலம், முட்டி லேசாகத் தளர்ந்து, மார்புக்கு முன்னால் பெரிய தவலையை அணைத்த மாதிரி கைகள். நாலாவது நிமிடம் தொடை நடுங்கும். ஏழாவது நிமிடம் தோள்கள் நமக்குத் தெரியாமல் காதுக்குப் போயிருக்கும். அமுக்கினால் இறங்காது, மூச்சை விட்டுக்கொண்டே பிடியை விட வேண்டும், அப்போது எடை இடுப்பு வழியாகக் கீழே இறங்குவது தெரியும். நேற்று பன்னிரண்டு நிமிடம் நின்றேன்.

தாய் சி பற்றிப் படிப்பதும் உண்டு. யாங் லூசான் (1799-1872) ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தின் கிராமத்துக்குப் போய், சென் சாங்சிங் என்பவரிடம் வருடக்கணக்கில் இருந்து கற்றார், பிறகு பீஜிங்கில் சொல்லிக்கொடுத்தார். நாம் பார்க்கிற மெதுவான பெரிய அசைவுகள் பெரும்பாலும் அவர் பேரன் யாங் செங்ஃபு பரப்பியவை. எடை எந்தக் காலில் நிறைந்திருக்கிறது, எது காலி என்று பிரித்தறியச் சொன்னவரும் செங்ஃபுதான். என் முட்டி அதைத் தெரியாமல்தான் போனது. நம் வாத்தியாரும் "எந்தக் காலுடா இப்ப சும்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே சுற்றி வருவாரே, ஞாபகம் இருக்கிறதா?

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். ஆற்றங்கரையில் ஒரு காலை எனக்கு ஒதுக்கு, காலடியை முதலிலிருந்து காட்டு. வாத்தியார் வீட்டுத் திண்ணைக் கூரையில் செருகியிருந்த அந்தப் பிரம்புக் கம்பு இன்னும் இருக்கிறதா, போய்ப் பார்த்து எழுது.

அன்புடன்,
ரவி