பாதிக் கச்சேரியை மட்டும் பரிந்துரைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த காதல் பாடல்கள் பட்டியலில் அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'மை ஃபன்னி வேலன்டைன்' இசைத்தட்டைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். 'இரவுச் சாப்பாட்டின்போது மெல்ல ஓடவிட ஏற்றது' என்ற வரியைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தட்டைச் சத்தம் குறைத்து வைத்தால் பாதி காதிலேயே விழாது.

1964 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரின் பில்ஹார்மானிக் ஹாலில் நடந்த கச்சேரி அது. (அதே இரவு, சில தெருக்கள் தள்ளி கார்னெகி ஹாலில் பீட்டில்ஸ்! ஊருக்கு என்ன யோகம்.) மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் பணிக்கு நிதி திரட்டத்தான் அந்தக் கச்சேரி. டேவிஸ் சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார்; குழுவில் சிலருக்கு அதில் கடுப்பு. அந்தக் கோபத்தோடு மேடையேறியதும் வாசிப்பின் சூட்டுக்கு ஒரு காரணம் என்று சுயசரிதையில் அவரே சொல்கிறார்.

தட்டின் பெயரைத் தந்த பாட்டு, இசையமைப்பாளர் ராட்ஜர்ஸும் பாடலாசிரியர் ஹார்ட்டும் 1937இல் ஒரு பிராட்வே இசை நாடகத்துக்கு எழுதியது. காதலனின் முகலட்சணத்தைக் கேலி செய்துகொண்டே, 'நீ மாறிவிடாதே' என்று கெஞ்சும் பாட்டு. 1956இல் ஸ்டுடியோவில் சுமார் 6 நிமிடத்தில் முடித்ததை டேவிஸ் இங்கே 15 நிமிடம் வாசிக்கிறார். ஹெர்பி ஹான்காக் பியானோவில் எடுத்துக் கொடுக்க, பல்லவியைத் தொட்டதும் நிரவலில் இறங்கிவிடும் பாடகரைப் போல ட்ரம்பெட் மெட்டை விட்டு விலகிப் போகிறது. பேஸில் ரான் கார்ட்டர், டிரம்ஸில் 18 வயது டோனி வில்லியம்ஸ். இருவரும் திடீரென்று நடையை இரட்டிப்பாக்குகிறார்கள், பிறகு இழுத்துப் பிடிக்கிறார்கள். சாக்ஸபோன் வாசித்த ஜார்ஜ் கோல்மனை மட்டும் யாரும் பேசுவதில்லை. உங்கள் கட்டுரையும் பேசவில்லை.

இதே தட்டில் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' என்ற பாட்டின் நடுவே ரசிகர் ஒருவர் தாங்கமாட்டாமல் கத்திவிடுகிறார். அதை நீக்காமல் விட்ட பதிவாளருக்கு என் கும்பிடு.

இதை மென்மையான தட்டு என்று நினைக்கும் குழப்பத்துக்குக் காரணம் இசைத்தட்டுக் கம்பெனிதான். ஒரே இரவின் கச்சேரியை இரண்டாகப் பிரித்து, மெதுவானவற்றை இந்தத் தட்டாக 1965இலும் வேகமானவற்றை 'ஃபோர் அண்ட் மோர்' என்று 1966இலும் வெளியிட்டார்கள். முதல் தட்டை மட்டும் கேட்பவர்களுக்குச் சாதுவான கச்சேரி என்றுதான் தோன்றும். 1992இல் இரண்டும் சேர்ந்தே வந்தன. வாசகர்களுக்கு அந்தத் தொகுப்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர்,
திருச்சி